தார்ப்பாய்க் கயிறும் நான்காவது க்ளெய்மும்

ஸ்ரீரங்கம்
9.6.2025

ஜோஸ்,

உன் நம்பரை நேற்று மாலையே பிளாக் செய்துவிட்டேன். இனி எதுவானாலும் காகிதத்தில்தான். காகிதத்தை நீ லாரி ஓனர்கள் குரூப்புக்கு ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற நம்பிக்கையும் ஒரு காரணம்.

நேற்று அம்மாவின் மிக்சி ஜாரை ரிப்பேருக்குக் கொடுக்கப் பாலக்கரை வந்தேன். உங்கள் சர்ச் வாசலில் ஆட்டோ நெரிசலில் நின்றது. தலையைத் தூக்கினேன். எட்டடி உயர ஃப்ளெக்ஸில் நீ கை கூப்பிக்கொண்டு நிற்கிறாய். “ஜோஸ் லாக். உலகிலேயே முதல்முறையாக. தார்ப்பாய்க் கயிற்றில் மாட்டும் அதிசயப் பெட்டி. வழியில் எவனாவது கயிற்றைத் தளர்த்தி மூட்டையை உருவினால் ஓனர் போனில் மணி அடிக்கும்.” பக்கத்திலேயே பெட்டியின் உள்படம். கயிற்றின் இறுக்கத்தை அளக்கும் பாகம் எது, சிம் கார்டு எங்கே உட்காருகிறது, பேட்டரி எத்தனை நாள் தாங்கும், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. அந்தப் படத்தை வரைந்தது நான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

பேட்டன்டுக்கு விண்ணப்பிக்கும் நாள்வரை விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்? ஊருக்கே சொல்லிவிட்டால் அது புதுசு இல்லை. புதுசு இல்லாததற்குப் பேட்டன்ட் கிடையாது. வரும் பதினாறாம் தேதி தாக்கல் செய்வதாக இருந்தோம். மே மாதக் கடைசி ஞாயிறன்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறாய். தேதியையும் நீயே அதில் போட்டிருக்கிறாய். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். நம் கதையில் தாழியை நீ ஏணி போட்டு ஏறி உடைத்திருக்கிறாய்.

பதினோரு வருடமாக அடுத்தவர்களின் பேட்டன்டுகளைத் தேடி, படித்து, ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ‘கண்டுபிடித்தவர்’ என்ற கட்டத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களைப் படித்து ரிப்போர்ட்டில் எடுத்தெழுதியிருக்கிறேன். ஒரே ஒரு முறை அதில் என் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டேன். ரொம்பப் பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை.

ஜாஹ்னவி


பாலக்கரை
11.6.2025

அன்புள்ள ஜாஹ்னவி,

கோபம் நியாயம்தான். ஆனால் நடந்ததைக் கேள்.

எங்கள் பங்குத் திருவிழாவில் வருடா வருடம் வண்டிகளை மந்திரிப்பார்கள். இந்த வருடம் நாற்பத்திரண்டு லாரி, பதினேழு ஆட்டோ, ஒரு ஜேசிபி. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவனும் ஃப்ளெக்ஸ் வைப்பான். பார்சல் சர்வீஸ் நடத்துகிற நான் வைக்காமல் இருந்தால் கம்பெனியை வித்துவிட்டேன் என்று பேசுவார்கள். பெட்டியையும் மந்திரித்து வாங்கிவிடலாம் என்று ஒரு வண்டியில் மாட்டிக்கொண்டு போனேன். நல்ல எண்ணம்தான்.

ஃப்ளெக்ஸ் கடை அரவிந்தன், “அண்ணே, இந்தப் பக்கம் காலியா இருக்கு, ஏதாச்சும் படம் இருந்தா குடுங்க”ன்னு கேட்டான். போனில் கைக்குக் கிடைத்தது உன் படம். உன் பெயரையும் போட்டோவையும் போடலாம் என்றுதான் பார்த்தேன். என்னிடம் இருப்பது காலேஜ் கடைசி நாள் குரூப் போட்டோ. அதில் நீ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய். கண் மூடிய போட்டோவை ஃப்ளெக்ஸில் போட்டால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று நீயே யோசி.

தவிர, அதை யார் படித்தார்கள்? வந்த கூட்டம் முழுக்க அவரவர் வண்டிமேல் தீர்த்தம் விழுந்ததா என்றுதான் பார்த்தது. கோயில் வளாகம் பொது இடமாகுமா என்றும் எனக்குச் சந்தேகம். வந்தவர்கள் எல்லாம் எங்கள் பங்கு மக்கள். குடும்பத்துக்குள் சொன்ன மாதிரிதானே?

இன்னொன்று. நீ தயாரித்த விண்ணப்பத்தில் உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பெட்டியை ஈயம் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டது நான். லாரி என் லாரி. திருடு போன அரிசி என் பொறுப்பில் போன அரிசி. உலகத்தில் எத்தனையோ பேர் பேட்டன்ட் எடுக்கிறார்கள், அதற்காக இருபது வருட சினேகிதத்தை பிளாக் செய்வார்களா?

ஏதாவது மிச்சம் இருக்கிறதா, அதை மட்டும் சொல்.

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
14.6.2025

ஜோஸ்,

உன் கடிதத்தை உன் கம்பெனி ஆளே கொண்டுவந்தார். லாரி ரசீதோடு. “சரக்கு: கடிதம் ஒன்று. மதிப்பு: இல்லை. உடையும் பொருள்: ஆம்.” அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, லெட்டருக்கெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்றான்?” என்று கேட்டாள். போடச் சொன்னேன். ரசீதில் எழுதியிருந்தது மூன்றும் உண்மை.

நீ கேட்டதற்குப் பதில். யார் படித்தார்கள் என்பது கணக்கில்லை. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம் என்பதே போதும். கண்காட்சியில் காட்டியவர்களுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. ஆனால் அந்தக் கண்காட்சியை அரசாங்கம் அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். உங்கள் பங்குத் திருவிழா அதில் வந்திருக்கிறதா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேடிப் பார்த்தேன். வரவில்லை.

“எத்தனையோ பேர் எடுக்கிறார்கள்” என்கிறாய். யார், எதற்கு எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன். என் தொழிலே அதுதான். சரக்குப் போக்குவரத்தில் சென்சாரும் சிம் கார்டும் வைத்து வந்த விண்ணப்பங்களைப் பார்த்தால், முதலில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: லாரி எங்கே? பிறகு கேள்வி மாறியது: சரக்கு எப்படி இருக்கிறது, சூடு ஏறியதா, குலுங்கியதா? இப்போது இன்னும் ஒரு படி மேலே: இனி என்ன ஆகும்? டயர் எப்போது வெடிக்கும், டிரைவர் எப்போது தூங்குவார் என்று முன்கூட்டியே சொல்லும் பெட்டிகள். திருட்டுக்கும் நிறைய உண்டு. ஆனால் அத்தனை பேரும் லாரிக்குக் கதவு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதவில் பூட்டு, பூட்டில் சென்சார். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி ஓடும் லாரியை நான் படித்த எவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரிகளில் எத்தனைக்குக் கதவு இருக்கிறது? அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் நான் உன்னோடு இறங்கினேன்.

ஃப்ளெக்ஸை போட்டோ எடுத்து வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நாம் உரிமை கேட்டிருந்த நான்கு விஷயங்களில், அதாவது நான்கு க்ளெய்மில், மூன்று போயே போய்விட்டன. பெட்டி, அதை மாட்டும் கொக்கி, போனுக்கு வரும் சேதி. நான்காவது க்ளெய்ம் மட்டும் தப்பித்திருக்கிறது. எல்லாக் கயிற்றிலும் பெட்டி இருக்கும், ஒன்றையொன்று ஒத்துப் பார்க்கும். எல்லாக் கயிறும் தளர்ந்தால் லோடு படிந்திருக்கிறது, பயப்பட வேண்டாம். ஒரே ஒரு கயிறு தளர்ந்தால் ஆள் கை வைத்திருக்கிறான். இது மட்டும் ஃப்ளெக்ஸில் இல்லை. ஏன் இல்லை தெரியுமா? அது வரவேண்டிய மூலையில் “வாழ்த்துகிறோம், சின்னையன் டீ ஸ்டால்” என்று இருக்கிறது. அந்த மனிதரை இரண்டு வேளையும் கும்பிடு.

நாலாவதை மட்டும் வைத்து விண்ணப்பத்தைப் புதிதாக எழுதுகிறேன். நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். கேட்கவாவது வழி இருக்கிறது. நாலாவது என் மூளையில் வந்தது. ஆகவே என் பெயர்தான் முதலில்.

ஜாஹ்னவி


பாலக்கரை
17.6.2025

ஜாஹ்னவி,

சின்னையனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஃப்ளெக்ஸுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நிஜமாகவே கேட்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன், உனக்கும் சேர்த்து. ஆனால் நாலாவது உன் மூளையில் வந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நான் சொன்னது.

பிப்ரவரியில் ஒரு நாள். மண்ணச்சநல்லூர் மில்லில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. நீ போன் செய்து, பெட்டி சும்மா சும்மா மணி அடிக்கிறதே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீ போன் செய்ய, உன் டிரைவர் வண்டியை நிறுத்திக் கீழே இறங்குகிறாரே, என்ன செய்வது என்று கேட்டாய். நான் லாரிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். மேலே எங்கள் லோடுமேன் மதுரைவீரன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் உன்னிடம் சொன்னேன்: “ஒரு கயிறு மட்டும் தளர்ந்தா ஆளு. எல்லாம் தளர்ந்தா லோடு.” இதே வார்த்தைகள். நீ “அட” என்றாய். நீ “அட” சொல்வது அபூர்வம் என்பதால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சொன்னவன் நான், எழுதினவள் நீ. என் பெயர் முதலில் வருவதுதான் முறை.

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
19.6.2025

ஜோஸ்,

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி பன்னிரண்டு. “ஜோஸ், போனில்” என்று போட்டு அந்த வரியை எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே அது என் மூளையில் வரவில்லை. நான்கு மாதமாக வந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதி எழுதி நம்முடையதாகிவிடுகிறது போலிருக்கிறது. மன்னித்துக்கொள்.

ஆனால் ஒரு சந்தேகம். உன்னை எனக்குத் தெரியும். ஷூ நாடாவைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் செருப்புக்கு மாறியவன் நீ. வாழ்க்கையில் ஒரு லாரிக் கயிற்றையாவது இழுத்துக் கட்டியிருக்கிறாயா? எது தளர்ந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

யோசித்துப் பதில் எழுது. அவசரமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தாக்கல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் வேறு யாராவது நம்மை முந்திக்கொள்ளலாம்.

ஜாஹ்னவி


பாலக்கரை
23.6.2025

ஜாஹ்னவி,

நாலு நாள் யோசித்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. மீதி மூன்று நாள் வேறு மாதிரி ஞாபகம் வருகிறதா என்று பார்த்தேன்.

நீ போனில் கேட்டதும் நான் மேலே பார்த்து, “மதுரைவீரண்ணே, கயிறு ஏன் தளருது?”ன்னு கத்தினேன். அவர் கட்டுவதை நிறுத்தாமலே, “ஒரு கயிறு மட்டும் தளர்ந்தா ஆளு முதலாளி, எல்லாம் தளர்ந்தா லோடு”ன்னார். நான் அப்படியே உனக்கு ஒப்பித்தேன். நீ “அட” என்றதும் அது என்னுடையதாகிவிட்டது.

சரி, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அவரிடம் போனேன். “பிப்ரவரியில கயிறு பத்தி நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. “நான் ஒண்ணும் சொல்லலைங்க முதலாளி. யாரு சொன்னது நான் சொன்னேன்னு?” என்றார். நல்ல விஷயம்தான் அண்ணே, அரசாங்கத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று விளக்கினேன். அரசாங்கம் என்றதும் இன்னும் மோசம். “மில்லுல நாலு பேரு இருந்தாங்க, வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க”ன்னு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இருபது வருடமாக லோடு ஏற்றுகிறவர். மூட்டை குறைந்தால் முதல் விசாரணை லோடுமேனிடம்தான். நீ சொன்னாயா, நீ பார்த்தாயா என்று கேட்டாலே இல்லை என்பதுதான் பழகிய பதில்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். அவரே நான் சொல்லவில்லை என்கிறார். நாமாகப் போய் இழுத்து வைப்பானேன்? நம் இருவர் பெயரையும் போட்டுவிடுவோம். உன் பெயரே முதலில் இருக்கட்டும், விட்டுக்கொடுக்கிறேன். அவருக்குத் தீபாவளிக்கு நன்றாகச் செய்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
27.6.2025

ஜோஸ்,

உன் கடிதம் வந்ததும் ‘சரி’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதினேன். ஒரு கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். உன் ஆள் வரத் தாமதமானதால்தான் அது போகவில்லை. நான் ரொம்ப யோக்கியமானவள் என்று நினைத்துவிடாதே என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும். பெயரை மாற்றிப் போட்டால் பின்னால் பேட்டன்டே கவிழலாம், அது உனக்கும் தெரியும். என்னைத் தடுத்தது அது இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் விடுபட்டால் எப்படி இருக்கும் என்று பதினோரு வருடமாக எனக்குத் தெரியும். அதை நானே இன்னொரு ஆளுக்குச் செய்ய உட்கார்ந்திருந்தேன் என்பது, பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டாம். மூன்று க்ளெய்ம் செத்துவிட்டது. மிஞ்சியது ஒன்று. அதைச் சொன்னவர் மதுரைவீரன். நீ போனில் ஒப்பித்தாய். ஒப்பிப்பது கண்டுபிடிப்பு இல்லை. நான் இங்கிலீஷில் எழுதினேன். எழுதுவதும் கண்டுபிடிப்பு இல்லை. இதைப் பல கம்பெனி முதலாளிகளுக்கு நானே கடுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் நான்கு நாள் ஆனது. கண்டுபிடித்தவர் கட்டத்தில் ஒரே பெயர். என் பெயரை நேற்று அடித்துவிட்டேன். அழுதேன். அம்மா, “கண்ணுல என்னடி?” என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். வெங்காயமே வாங்காத எங்கள் வீட்டில் அது எங்கிருந்து வரும்?

திங்கட்கிழமை மண்ணச்சநல்லூர் வருகிறேன். அவரிடம் நானே பேசுகிறேன். நீ ‘அரசாங்கம்’ என்ற சொல்லை வாயில் எடுக்காதே.

ஜாஹ்னவி


பாலக்கரை
1.7.2025

ஜாஹ்னவி,

நேற்று நடந்ததற்கு மில்லில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

கையில் ஃபைலோடு வராதே என்று உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். மதுரைவீரண்ணன் உன்னை லேபர் ஆபீஸ் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் ஜிஎஸ்டி என்றாராம். அதனால்தான் ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டார். நீ செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, டயரில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்து மூட்டை மேல் ஏறுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை. அவர் போவதற்கு மேலே வேறு இடமும் இல்லை.

ஒரு மணி நேரம் செருப்பைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். சத்தம் கேட்டதே தவிர வார்த்தை பிடிபடவில்லை. முதலில் நீ மட்டும் பேசினாய். திடீரென்று அவர் கத்தினார். அப்புறம் இருவரும் சேர்ந்து கத்தினீர்கள். ஒரு கட்டத்தில் அவர் உன்னைக் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அதட்டியது மட்டும் கேட்டது. இறங்கியதும் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, நோட்டில் எழுதிக்கொண்டே பஸ் ஏறிவிட்டாய்.

என்ன நடந்தது? பெயர் போகிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதைவிட, என் சொந்த லாரி மேல் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாதது பெரிய வருத்தம்.

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
4.7.2025

ஜோஸ்,

பேசாமல் போனது கோபத்தால் இல்லை. வாயைத் திறந்தால் மறந்துவிடும் என்ற பயம்.

மேலே ஏறியதும் மரியாதையாகக் கேட்டேன். “எனக்குக் கயிறு பத்தி ஒண்ணும் தெரியாதும்மா” என்றார். இருபது வருடமாகக் கயிறு கட்டுகிறவர். சரி, நான் எழுதியதைப் படிக்கிறேன், தப்பு இருந்தால் மட்டும் சொல்லுங்கள் என்று தமிழில் படித்தேன். “மழை பெய்தால் எல்லாக் கயிறும் ஒரே மாதிரி தளரும்” என்ற வரி வந்தது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. “யாரு எழுதினது இந்தக் கூத்தை? நைலான் நனைஞ்சா நெகிழும். நார்க்கயிறு நனைஞ்சா இறுகும். இந்த வண்டியில ரெண்டும் கலந்துதான் கட்டியிருக்கேன். மழை பெஞ்சா உங்க பொட்டி என்னன்னு சொல்லும்?” என்று கேட்டார். தெரிந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்தவருக்கு, அடுத்தவர் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அதன் பிறகு நிறுத்தவே இல்லை. புதுக் கயிறு எப்படி, பழங்கயிறு எப்படி, தவிட்டு மூட்டை ஏற்றினால் எப்படி. நான் எதிர்த்துப் பேச, அவர் கயிற்றைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கை உரிந்திருக்கிறது. கடைசியில் விஷயம் தெளிந்தது. கயிறுகளை நேராக ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தப்பாகிவிடும். கட்டி முடித்ததும் முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு பெட்டியும் தன் கயிற்றின் குணத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். பிறகு, தன் குணத்தை மீறி எந்தக் கயிறு நடக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்போது நைலானும் நாரும் கலந்திருந்தாலும் கவலையில்லை. இதைப் புதிதாக ஐந்தாவது க்ளெய்மாகச் சேர்த்திருக்கிறேன். ஃப்ளெக்ஸின் நிழல்கூட இதன்மேல் விழவில்லை. உண்மையில் இதுதான் இப்போது நம் விண்ணப்பத்தின் உயிர்.

முழுவதையும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். உனக்காக இல்லை, அவருக்காக. வரி வரியாகப் படித்துக் காட்டி, கடைசியில் இருக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கு. கண்டுபிடித்தவர்: மதுரைவீரன். பேட்டன்ட் கிடைத்தால் உரிமையில் மூவருக்கும் சம பங்கு. அதையும் படித்துக் காட்டு, இரண்டு முறை.

ஜாஹ்னவி


பாலக்கரை
9.7.2025

ஜாஹ்னவி,

கையெழுத்து வாங்கப் போனேன். வாங்கினேன். ஆனால் நீ சொன்ன மாதிரி இல்லை.

மன்னார்புரத்தில் ஒரு குடோனில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து உட்கார வைத்து, நீ எழுதியதை முதலிலிருந்து படித்தேன். நாலாவது வந்ததும் தலையாட்டினார். “சரி, அது நான் சொன்னதுதான். அந்தம்மா ஏறி வந்து கேட்டப்புறம் இல்லைன்னு சொல்றது அழகில்ல” என்றார். அப்பாடா என்று ஐந்தாவதைப் படித்தேன். கயிற்றின் குணம், ஒரு மணி நேரம், எல்லாம். “நிறுத்துங்க முதலாளி”ன்னார்.

“இது நான் சொல்லலை.”

மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்தேன். அண்ணே, நீங்கள்தானே நைலான், நார் என்று விளக்கினீர்கள் என்றேன். “கயிறு எப்படி நடக்கும்னு நான் சொன்னேன். பொட்டி அதைப் படிச்சுக்கணும்னு சொன்னது அந்தம்மா. நான், அதெல்லாம் நடக்காதுன்னு சொன்னேன். நடக்கும்னு அந்தம்மா என்னோட சண்டை போட்டுச்சு. ஒரு மணி நேரம்னு கணக்குச் சொன்னதும் அதுதான். நான் அரை நாளாச்சும் ஆகும்னேன்.”

நீங்கள் சொன்னதாகவே இருக்கட்டும், அவளே அப்படித்தான் எழுதியிருக்கிறாள் என்றேன். பேனாவைத் திருப்பி என் பையில் சொருகிவிட்டார். “சொல்லாததைச் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? எப்படிப் படிக்கும்னு கேப்பான். எனக்குத் தெரியாது. அந்தம்மாவும் கையெழுத்துப் போடட்டும். அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லட்டும். என் கேள்விக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றார். முக்கால் மணி நேரம் மன்றாடினேன். அசையவில்லை. படிவத்தில் தன் பெயருக்குக் கீழே இன்னொரு வரி போடச் சொல்லி, அது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஜாஹ்னவி, நீ எல்லாருக்கும் சட்டம் சொல்வாய். அவர் உனக்குச் சொல்லிவிட்டார். எழுதுவது கண்டுபிடிப்பு இல்லைதான். மூட்டை மேல் ஏறி நின்று சண்டை போட்டு ஒன்றைச் சொல்வதற்கு என்ன பெயர் என்று நீயே பார்த்துக்கொள்.

என் பெயர் எங்கும் இல்லை. ‘தபால் அனுப்ப வேண்டிய முகவரி’ என்ற இடத்தில் என் ஆபீஸைப் போட்டிருக்கிறாய், அதோடு சரி. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று என் அம்மாவிடம் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை.

படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டாவது வரி உனக்கு. நிரப்பிக் கையெழுத்துப் போட்டுச் சீக்கிரம் தாக்கல் செய்.

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
11.7.2025

ஜோஸ்,

படிவம் வந்தது. உன் கடிதத்தை முதலில் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். அவர் சொன்னது சரிதானா என்று நோட்டைப் பார்த்தேன். சரிதான். இரண்டு பேர் கத்தியதையும் எழுதி வைத்திருந்தேன், யார் எதைக் கத்தினோம் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. நீ நினைத்திருந்தால் அவரை எப்படியாவது சமாளித்து ஒற்றைக் கையெழுத்தோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதை மறக்கமாட்டேன்.

இப்போது ஒரு சங்கடம். பேனாவை எடுத்து இரண்டாவது வரியை நிரப்பினேன். பெயர், நாடு, முகவரி. அவசரப்படவில்லை, நல்ல கையெழுத்தில்தான் எழுதினேன். மை காய்ந்ததும் ஒருமுறை சரிபார்த்தேன். என் வரியிலும் மதுரைவீரன் என்றே எழுதியிருக்கிறேன். பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் அடுத்தவர் பெயரையே எழுதிப் பழகிய கை, எனக்கென்று வந்த வரியிலும் பக்கத்திலிருந்த பெயரைப் பார்த்து எழுதிவிட்டது.

அடித்தல் திருத்தலோடு தாக்கல் செய்ய எனக்கு மனமில்லை. புதுப் படிவம் இணைத்திருக்கிறேன். இந்த முறை முதலில் என் வரியை நிரப்பி, அம்மாவைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். மேல் வரி அவருக்காகக் காலியாக இருக்கிறது. அவரிடம் நடந்ததை அப்படியே சொல்லி மறுபடியும் ஒரு கையெழுத்து வாங்கு. சிரித்தால் சிரிக்கட்டும்.

ஜாஹ்னவி